கோடித் துணியும் பாட்டில் துணியும்

போன வருஷம் ஒரு கையேட்டைத் தமிழாக்கித் தரச் சொல்லிக் கேட்டார்கள். தண்ணீர் பாட்டிலை உருக்கிப் பாலியெஸ்டர் இழை எடுக்கிற ஆலை ஒன்றின் தொழிலாளர்களுக்கான கையேடு. தெரிந்த தோழர் ஒருவர் மூலமாக வந்த வேலை. எம்.ஏ. தமிழ் படித்துவிட்டுத் துப்புரவுத் தொழிலாளர் சங்கம், கூட்டம், மனு என்று அலைகிறவளுக்கு இந்த மாதிரி வேலைகள்தான் கஞ்சிக்கு வழி. மொத்தம் பதினாறு பக்கம். இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

'வெர்ஜின் பைபர்' என்று இருந்தது. எண்ணெயிலிருந்து நேராக எடுத்த, இதற்கு முன்னால் எதற்கும் பயன்படாத இழைக்கு அதுதான் பெயர். ஆலைக்குள்ளே எழுதப் படிக்கத் தெரியாத ஆட்கள்கூட 'வெர்ஜின்', 'ரீசைக்கிள்' என்றுதான் சொல்கிறார்கள். நான் 'கன்னி இழை' என்று எழுதினேன். எழுதியபிறகு அந்தச் சொல் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கன்னி என்றால் தொடப்படாதது. தொடப்படாததால் உயர்ந்தது, விலை கூடியது. அப்படியானால் அந்த இன்னொரு இழை? பலபேர் வாய் வைத்துக் குடித்தது, தெருவில் கிடந்தது, சாக்கடையில் மிதந்தது, எங்கம்மா எடுத்தது. சாதி என்று ஒரு வார்த்தைகூட இல்லாத கையேட்டுக்குள் சுத்தமும் தீட்டும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டன. யாரும் தொடாத நூலுக்கு மேலான இடம். யாரும் தொடக்கூடாத மனுசருக்கு ஊருக்கு வெளியே இடம். ஒரே சொல் நூலுக்கு ஒரு மாதிரியும் எங்களுக்கு ஒரு மாதிரியும் வேலை செய்கிறது.

கல்லூரியில் நன்னூல் பாடம் நடந்தபோது ஒரு சூத்திரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நூல் எழுதுவதைப் பஞ்சிலிருந்து நூல் நூற்பதற்கு ஒப்பிடுகிற சூத்திரம். சொல்தான் பஞ்சு, புலவன்தான் நூற்கிற பெண், வாய்தான் கை, அறிவுதான் கதிர் என்று போகும். புலவனைப் பெண்ணாகச் சொன்னானே என்று அந்த வயதில் சந்தோஷம். இந்தக் கையேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வேறொன்று தோன்றியது. நூற்றால் கழிவு விழும். கழிவுப் பஞ்சை யார் கூட்டி அள்ளினார்கள்? பவணந்தி முனிவர் அதைச் சொல்லவில்லை. சங்கப் பாட்டுகளிலாவது துணி வெளுத்துக் கஞ்சி போடுகிற புலைத்தி வருகிறாள். அவள் கை அசைவு வருகிறது, அவள் பேச்சு வருவதில்லை.

*

துணியைப் பற்றி எழுதினால் எங்கள் வீட்டில் அப்பாவின் சட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்களுடையது கொங்கு நாட்டு அருந்ததியர் வளவு. வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ். அப்பா பண்ணையத்து ஆள். வருஷக் கூலியோடு பழைய துணி உண்டு. பண்ணாடி வீட்டில் உடுத்திக் கிழிந்தது, சாயம் போனது, சின்னதாகிப் போனது, சீக்கில் கிடந்தவர் உடுத்தியது. அவர்கள் வாசலில் நின்று, கை நீட்டாமல், முந்தானையை விரித்துப் பிடித்து வாங்க வேண்டும். மேலே இருந்து போடுவார்கள். பழைய சோறு, பழைய துணி இரண்டுக்கும் ஒரே முந்தானை. எங்கள் சனத்துக்குப் புதுத்துணி என்று உறுதியாகக் கிடைத்தது கோடி மட்டும்தான். "செத்தாத்தான் கோடி" என்று எங்க அம்மாயி சொல்லும். அதையும் சுடுகாட்டில் இன்னொரு ஏழை எடுத்து உடுத்திக்கொள்வான்.

இது ஏதோ ஊர்ப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். மனுவின் பத்தாம் அத்தியாயத்தைப் படித்தபோதுதான், பிணத்தின் துணியே சண்டாளருக்கு உடை என்று அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருப்பது தெரிந்தது. அது பழைய கதை என்று யாராவது சொன்னால் 1930ஐச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக் கூடாது. மீறின இடங்களில் குடிசைகள் எரிந்தன. துணி என்பது உடம்பை மூட மட்டும் என்றால் யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் பாலியெஸ்டர் வருகிறது. இங்கிலாந்தில் 1941ல் வின்பீல்டு, டிக்சன் என்ற இரண்டு பேர் கண்டுபிடித்த இழை. நம் ஊருக்கு 1960களில் டெர்லின், டெரிகாட்டன் என்று வந்தபோது பணக்காரன் துணி. வரி ஜாஸ்தி. 1985ல் ஜவுளிக் கொள்கை மாறி, உள்நாட்டிலேயே ஏராளமாக உற்பத்தியாகத் தொடங்கியபிறகு விலை இறங்கி, சந்தைக் கடைவரைக்கும் வந்தது. இன்றைக்குச் சுற்றுச்சூழல் கூட்டங்களில் பாலியெஸ்டரைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறார்கள். வேர்வை உறிஞ்சாது, மக்காது, துவைக்கத் துவைக்கக் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்ந்து ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது என்கிறார்கள். எல்லாம் உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் பருத்தி வேட்டி சட்டை பளிச்சென்று இருக்க வேண்டுமானால் வெளுக்க ஆள் வேண்டும், கஞ்சி வேண்டும், பெட்டி போட ஆள் வேண்டும். எங்கள் வளவுத் துணியை ஊர் வண்ணாரும் எடுக்க மாட்டார், பெட்டிக் கடையிலும் வாங்க மாட்டார்கள். ராத்திரி துவைத்துக் கொடியில் போட்டால் விடிவதற்குள் காய்ந்து, சுருக்கமில்லாமல், பெட்டி போட்ட மாதிரி நிற்கிற துணி எங்களுக்கு முதல்முதலாகக் கிடைத்தது பாலியெஸ்டரில்தான். யார் தயவும் இல்லாமல் ஒரு மாதாரி கசங்காத சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம் என்று ஆனது. இதை எந்த ஜவுளி வரலாற்றிலும் நான் படித்ததில்லை.

1993 பொங்கலுக்கு அப்பா வெள்ளைப் பாலியெஸ்டர் சட்டை எடுத்தார். பை வைத்தது. கூலிப் பணத்தில், கடையில் பேரம் பேசி எடுத்த புதுத்துணி. மாட்டுப் பொங்கலன்று அதைப் போட்டுக்கொண்டு ஊர்ப் பொதுவழியில் நடந்தார். நான்கைந்து பேர் நிறுத்தினார்கள். பையில் என்னடா வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். ஒருத்தன் வாயிலிருந்த பீடியை எடுத்துச் சட்டைப் பைமேல் வைத்து அழுத்தினான்.

பருத்தியாக இருந்திருந்தால் எரிந்து சாம்பலாகி உதிர்ந்திருக்கும். பாலியெஸ்டர் உருகும். உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். அம்மா தேங்காய் எண்ணெய் வைத்து வைத்து மூன்று நாள் பிய்த்தது. அப்பாவின் இடது மார்பில் நாலணாக் காசு அளவுக்கு ஒரு தழும்பு கடைசிவரை இருந்தது. சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து அதை விரலால் தடவிப் பார்ப்பேன். வழவழவென்று இருக்கும். "என்னப்பா இது?" என்றால், "சட்டைப் பொத்தான் பாப்பா" என்பார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். நான் எம்.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பா செத்தார். கோடி போர்த்துவதற்கு முன்னால் கடைசியாக அந்தத் தழும்பைத்தான் பார்த்தேன்.

கையேட்டின் ஏழாம் பக்கத்தில் இருந்தது: பாலியெஸ்டர் உருகும் வெப்பநிலை சுமார் 260 டிகிரி. மொழிபெயர்ப்பதில் சிரமம் ஒன்றும் இல்லை. எண்ணை எண்ணாகவே எழுத வேண்டும். அந்த ஒரு வரியை எழுத எனக்கு அரைநாள் ஆனது.

*

அம்மா பண்ணையத்தை விட்டு டவுனுக்கு வந்து ஒப்பந்தத் துப்புரவு வேலைக்குப் போனது 1999ல். விடிகாலை நாலரைக்குப் போனால் பதினொரு மணிவரை தெரு. அந்தச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரி. என் படிப்பு பாட்டிலில்தான் நடந்தது. வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டு, கல்யாண மண்டபம், டாஸ்மாக் பின்பக்கம் என்று அலைந்து பாட்டில் சேர்த்துப் பழைய இரும்புக் கடையில் போடும்.

எனக்கு அம்மாவின் சாக்குமூட்டையைக் கண்டால் ஆகாது. கல்லூரியில் சேர்ந்தபோது அம்மா வேலை 'கூலி' என்று எழுதினேன். ஒருநாள் கல்லூரி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே சாக்கோடு நின்ற அம்மாவைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி பஸ் ஏறினேன். அம்மாவும் பார்த்தது. அன்றைக்கு ராத்திரி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு கரண்டி குழம்பு ஊற்றியது. இருபது வருஷத்துக்கு அப்புறம் இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

வேலையென்று பார்த்தால் அது லேசான வேலை இல்லை. எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாட்டிலைக் கையில் ஒரு நசுக்கு நசுக்கினால் சத்தத்தை வைத்தே எது எந்தப் பிளாஸ்டிக் என்று சொல்லிவிடும். வெள்ளை தனி, பச்சை தனி, எண்ணெய் பாட்டில் தனி. வெள்ளைக்கு விலை கூட, ஏனென்றால் அதிலிருந்து எடுக்கிற இழைக்கு எந்தச் சாயமும் ஏற்றலாம். பச்சையிலிருந்து பச்சையைப் பிரிக்க முடியாது. மூடி வேறு பிளாஸ்டிக். உடைத்துத் தண்ணீரில் போட்டால் மூடித் துண்டு மிதக்கும், பாட்டில் துண்டு அமிழும். பி.வி.சி. கொஞ்சம் கலந்துவிட்டாலும் உருக்கும்போது கருகி, மொத்தச் சரக்கும் மஞ்சளாகிவிடும். ஆலையில் இதற்கெல்லாம் மெஷின் இருக்கிறது. ஆனால் அந்த மெஷினுக்குப் போவதற்கு முன்னால் பாதி வேலையை எங்கம்மா காது முடித்துவிடுகிறது. கூலி கணக்கில் அந்தக் காதுக்கு ஒரு பைசா கிடையாது. எடைக்கு மட்டும்தான் காசு.

ஒரு லிட்டர் பாட்டில் நாற்பதிலிருந்து ஐம்பது சேர்ந்தால் ஒரு கிலோ. கிலோ இப்போது எங்கள் பக்கம் பதினெட்டு, இருபது ரூபாய். இந்த விலையை யார் வைக்கிறார்கள் என்று எனக்கு ரொம்பநாள் தெரியாது. அம்மா கடைக்காரரைத்தான் திட்டும். கடைக்காரர் குடோன்காரரைக் கை காட்டுவார். 2020ல்தான் எனக்குப் புரிந்தது.

மார்ச் 25 ஊரடங்கு. தெருவில் பாட்டில் இல்லை. துப்புரவு வேலைக்கு மட்டும் அடங்கு கிடையாது. முகக்கவசமும் கையுறையும் சங்கத்திலிருந்து நாங்கள் தைத்துக் கொடுத்தோம். இரண்டு மாசம் கழித்துக் கடை திறந்தபோது, வீட்டுப் பின்னால் சேர்த்து வைத்திருந்த நாலு மூட்டையை அம்மா கொண்டுபோய்ப் போட்டது. கிலோ ஆறு ரூபாய் என்றார். "ஏனுங்ண்ணா, என்ன அநியாயமுங்?" என்று கேட்டதற்கு, "எண்ண வெல உழுந்திருச்சம்மா, நா என்ன பண்றது" என்றாராம். அம்மா வந்து, "பாட்டிலுக்கும் எண்ணைக்கும் என்ன கண்ணு சம்பந்தம்? கடலெண்ண வெல ஏறித்தான கெடக்குது?" என்று என்னைக் கேட்டது.

சம்பந்தம் இருந்தது. கன்னிப் பாலியெஸ்டர் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. அந்த ஏப்ரல் 20ந்தேதி அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை பூச்சியத்துக்கும் கீழே போனது. வாங்கிக்கொண்டு போங்கள், காசும் தருகிறோம் என்கிற நிலைமை. எண்ணெய் மலிந்தால் புது இழை மலியும். புது இழை மலிந்தால் பாட்டில் இழையை யார் வாங்குவார்கள்? ஆலை விலையைக் குறைக்கும், குடோன் குறைக்கும், கடை குறைக்கும். எல்லாருக்கும் கீழே நிற்கிறவளுக்குக் குறைப்பதற்கு ஆள் இல்லை. எங்கேயோ இருக்கிற எண்ணெய்க் கிணற்றுக்கும் எங்கம்மாவின் சாக்குக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருக்கிறது. அந்தக் கயிறு மேலே ஏறும்போது அவளை மெதுவாகத் தூக்கும், இறங்கும்போது தொப்பென்று போடும். எங்கள் சங்கத்தில் ஒப்பந்தக்காரரை எதிர்த்துப் போராடியிருக்கிறோம், நகராட்சியை எதிர்த்துப் போராடியிருக்கிறோம். இந்தக் கயிற்றை எங்கே போய்ப் பிடிப்பது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

*

மொழிபெயர்ப்புக்காக ஆலையைச் சுற்றிப் பார்த்தேன். நசுக்கிக் கட்டிய பாட்டில் பேல்கள் மலை மாதிரி. பிரிக்கிற இடத்தில் பெண்கள். கத்தியால் லேபிளைக் கிழித்து, கழுத்து வளையத்தை வெட்டி எறிகிறார்கள். பேரைக் கேட்டால் சொல்கிறார்கள், ஊரைக் கேட்டால் தயங்குகிறார்கள். ஊரைச் சொன்னால் தெரு தெரிந்துவிடும். அப்புறம் துண்டு துண்டாக வெட்டி, காஸ்டிக் சோடா போட்ட கொதிநீரில் கழுவுகிறார்கள். ஈரம் சுத்தமாகப் போகும்வரை காயவைக்கிறார்கள். ஈரத்தோடு உருக்கினால் இழை இற்றுப்போகும். பிறகு உருக்கி, இடியாப்ப உரல் மாதிரியான தட்டு வழியாகப் பிழிந்து, இழுத்து, சுருள் கொடுத்து, பருத்தி நீளத்துக்கு வெட்டினால் பஞ்சு. கையில் எடுத்தால் வெள்ளை வெளேரென்று, மேகம் மாதிரி இருக்கிறது. கன்னிப் பஞ்சையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. திரும்ப உருக்கியதில் பலம் கொஞ்சம் குறையலாம், நிறம் ஒரே சீராக வராது. ஆனால் புதிதாக எண்ணெய் எடுக்கத் தேவையில்லை, மின்சாரமும் எரிபொருளும் கணிசமாக மிச்சம். உருக்கும்போதே நிறம் சேர்த்துவிட்டால் சாயப்பட்டறைத் தண்ணீரும் மிச்சம். நொய்யல் செத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் உத்தரவு போடுகிற அளவுக்கு அந்த ஆறு கெட்டிருந்தது. ஆகவே தண்ணீர் மிச்சம் என்றால் அதன் அருமை எங்களுக்குத் தெரியும். திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்டை நிறம் நிறமாகப் பிரித்து, அதோடு இந்தப் பாட்டில் பஞ்சைக் கலந்து, ஓ.இ. மில்லில் நூலாக்கி விற்கிறார்கள். அந்த வேஸ்டைப் பிரிப்பதும் தூசிக்குள் உட்கார்ந்த பெண்கள்தான்.

இதில் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. 2023ல் உலகத்தில் உற்பத்தியான இழை 12 கோடி டன்னுக்கும் மேல். அதில் பாதிக்கு மேலே பாலியெஸ்டர். அந்தப் பாலியெஸ்டரில் மறுசுழற்சி எட்டில் ஒரு பங்குதான், முந்தின வருஷத்தைவிடப் பங்கு குறைந்திருக்கிறது. அந்த எட்டில் ஒரு பங்கும் ஏறக்குறைய முழுக்கப் பாட்டிலிலிருந்து வந்தது. பழைய துணியைத் திரும்பத் துணியாக்குவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பருத்தியும் பாலியெஸ்டரும் எலாஸ்டிக்கும் கலந்து நெய்த துணியைப் பிரிப்பது லேசில்லை. ஆக, பாட்டில் துணியாகும், துணி குப்பையாகும், அத்தோடு சரி. 'சுழற்சி' என்று பேர் வைத்திருக்கிறார்களே தவிர, அது ஒரு சுற்றுதான் சுற்றுகிறது.

2023 பிப்ரவரி 8ந்தேதி பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்கு நீலநிறக் கையில்லாச் சட்டை ஒன்று போட்டுக்கொண்டு போனார். பாட்டிலை உருக்கிச் செய்தது. துணி தயாரானது நம்ம கரூரில். பெங்களூரில் நடந்த எரிசக்தி வாரத்தில் இந்தியன் ஆயில் அதைப் பரிசாகக் கொடுத்தது. பெட்ரோல் பங்க் ஊழியர்களுக்கும் இனி பாட்டில் துணியில் சீருடை, ஒன்றுக்கு சுமார் 28 பாட்டில் என்றார்கள். அதே நிறுவனம்தான் பானிப்பட்டில் கன்னிப் பாலியெஸ்டருக்கான மூலப்பொருளையும் தயாரிக்கிறது. பத்திரிகைகள் எல்லாம் பாட்டிலை எண்ணின. அந்தப் பாட்டில்களைக் குனிந்து எடுத்தவர்களை யாரும் எண்ணவில்லை. டி.வி.யில் பார்த்துவிட்டு அம்மா, "நல்லாத்தான் இருக்குது. நம்மூருப் பாட்டிலா இருக்குமோ?" என்றது. பெருமையாகவா, கிண்டலாகவா என்று எனக்குப் புரியவில்லை.

ஏற்றுமதிக்குப் போகிற துணியில் சான்றிதழ் இருக்கும். உண்மையிலேயே மறுசுழற்சி இழைதானா என்று ஆலை ஆலையாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு வருவார்கள். தைத்த கம்பெனி, நெய்த கம்பெனி, நூற்ற மில், உருக்கின ஆலை. தணிக்கையும் சான்றிதழும் ஆலை வாசலோடு நின்றுவிடும். அதற்கு இந்தப்பக்கம் குடோனிலிருந்து வாங்கிவைக்கிற தாள்தான் இருக்கிறது. குப்பைமேட்டில் நிற்கிறவள் எந்தத் தாளிலும் இல்லை. சரக்கின் பூர்வீகத்தைத் தேடுகிறவர்களுக்குக் கையின் பூர்வீகம் தேவைப்படவில்லை.

பஞ்சாலைக்கும் நமக்குமான பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பம்பாய் மில்களில் நம் சனங்களை நூற்கிற பகுதியோடு நிறுத்திவிடுவார்கள். கூலி கூடுதலான தறிப் பகுதிக்குள் விட மாட்டார்கள். காரணம், நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். நம் எச்சில் பட்ட நாடாவைச் சாதி இந்துத் தொழிலாளி தொட மாட்டான். 1928ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது, தீண்டப்படாதவருக்குத் தறிப் பகுதியில் வேலை என்பதையும் கோரிக்கையில் சேர் என்று அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் சண்டை போட்டார். எச்சில் பட்ட நூலைத் தொடமாட்டேன் என்றவர்களுடைய பேரப்பிள்ளைகள், ஊரெல்லாம் வாய் வைத்த பாட்டிலை உடுத்திக்கொண்டு இன்றைக்குப் பெருமையாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 260 டிகிரியில் பாட்டிலுக்குத் தீட்டுக் கழிந்துவிடுகிறது. பாட்டிலை எடுத்தவளுக்கு எத்தனை டிகிரி என்று எந்தக் கையேட்டிலும் போடவில்லை.

*

ஆலைக்காரர்கள் மகளிர் தினத்தை ஒட்டி ஒரு விழா வைத்தார்கள். பாட்டில் சேகரிக்கிற பெண்கள் பத்துப் பேருக்கு மரியாதை செய்யப் போகிறோம், உங்கம்மாவையும் அழைத்துவாருங்கள் என்றார்கள். சங்கத்தில் சிலர் போகக்கூடாது என்றார்கள். சால்வை போட்டு வாயை அடைக்கிற வேலை என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அம்மாவைக் கேட்டேன். "கூப்புட்டா போலாமே. நம்ம சரக்கு என்ன ஆகுதுன்னு நானும் பாக்கறேன்" என்றது.

அப்பா இருந்தபோது எடுத்த ரோஸ் கலர் பாலியெஸ்டர் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தது. மேடையில் சால்வை, ஒரு பை, ஒரு டீசர்ட். டீசர்ட்டின் மார்பில் இங்கிலீஷில் ஏதோ. "என்ன எழுதியிருக்குது சாமி?" என்று காதோரம் கேட்டது. "நான் முன்னால பாட்டிலா இருந்தேன்னு எழுதியிருக்குதும்மா" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. துணியைக் கட்டைவிரலால் நிமிண்டிப் பார்த்தது. "இதென்ன வெலைக்கு விப்பாங்க?" விசாரித்துச் சொன்னேன். எழுநூறு ரூபாய். "எத்தன பாட்டிலு?" பத்துப் பன்னிரண்டு என்றேன். அம்மா விரல் மடக்கிக் கணக்குப் போட்டது. பத்துப் பன்னிரண்டு பாட்டிலுக்கு அதன் கையில் கிடைப்பது ஐந்து ரூபாய்க்கும் கீழே. கணக்கை முடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீசர்ட்டை மடித்துப் பையில் வைத்தது.

பேச அழைத்தபோது அம்மாவுக்குப் பதிலாக நான் பேசினேன். எழுதிக்கொண்டு போனதைத்தான் பேசினேன். எண்ணெய் விலை எப்படி இறங்கினாலும் பாட்டிலுக்கு ஒரு குறைந்தபட்ச விலை வேண்டும். பொறுக்குகிறவர்களுக்கு அடையாள அட்டையும் மருத்துவக் காப்பீடும் வேண்டும். சான்றிதழ்க் கணக்கு ஆலை வாசலில் நிற்காமல் தெருவரைக்கும் வரவேண்டும். கை தட்டினார்கள். அடுத்த நிகழ்ச்சி டான்ஸ்.

விழா முடிந்தது. எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நாற்காலிக்கு அடியிலும் மேடையிலும் அரை லிட்டர் பாட்டில்கள், பாதி குடித்தது, கால் குடித்தது, உருண்டு கிடந்தன. திரும்பிப் பார்க்கிறேன், அம்மா சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு குனிந்து எடுக்கத் தொடங்கியிருந்தது. மிச்சத் தண்ணீரை வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டு, நசுக்கி, பரிசுப் பைக்குள் போட்டது. எனக்கு முகம் சுண்டிப்போனது. "அம்மா, இங்க வேண்டாம்மா. எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். "பாத்தாப் பாக்கட்டும். இதுக்குத்தான சால்வ போட்டாங்க?" என்றது.

எனக்கு அந்தப் பஸ் ஸ்டாப் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஏறிப்போன பஸ்ஸிலிருந்து இன்றைக்காவது இறங்க வேண்டும் என்று தோன்றியது. நானும் குனிந்து பக்கத்தில் கிடந்த பாட்டிலுக்குக் கையை நீட்டினேன்.

அம்மா என் கையில் பட்டென்று ஒரு அடி போட்டது. சின்ன வயதில்கூட அப்படி அடித்ததில்லை.

"தொடாத."

"நீ எடுக்கறியே?"

"நா எடுக்கறது நீ எடுக்கக் கூடாதுன்னுதான் கண்ணு. பாட்டிலு வேண்ணா எத்தன வாட்டின்னாலும் உருக்கி உருக்கி வரட்டும். இந்தப் பொழப்பு என்னோட போவட்டும்."

வேறொன்றும் பேசவில்லை. நான் கையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பையின் வாயை அகல விரித்துப் பிடித்துக்கொள்வதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

கையேட்டில் 'கன்னி இழை' என்பதை அடித்துவிட்டு 'எண்ணெய் இழை' என்றும், மற்றதைப் 'பாட்டில் இழை' என்றும் எழுதிக் கொடுத்தேன். பாட்டிலை முதலில் எடுப்பது யார் என்று ஒரு பத்தியும் சேர்த்தேன். அச்சில் வந்தபோது 'வெர்ஜின்', 'ரீசைக்கிள்' என்று மாற்றியிருந்தார்கள். அந்தப் பத்தி இல்லை. அதனால்தான் அதை இங்கே எழுத வேண்டியதாயிற்று.

அன்றைக்கு மேடையில் கிடைத்தது நாற்பத்திரண்டு பாட்டில். முக்கால் கிலோ வரும் என்று அம்மா சொன்னது. கடைத் தராசில் அறுநூற்று ஐம்பது கிராம் நின்றது. பதிமூன்று ரூபாய்.